மட்டைகளுக்கு வைத்த சந்தனம்

ராத்திரிக்குள் பனி கொட்டும் என்று வானிலைக்காரன் சொன்னதும் அழகுமீனாவுக்கு நல்ல சாக்காகப் போயிற்று. கராஜில் கிடக்கிற கோல்ஃப் பையைத் துடைத்து பேஸ்மென்ட்டில் வைத்துவிட வேண்டும், ஒட்டாவா குளிர் லேசுப்பட்டதில்லை, மட்டையின் கைப்பிடி ரப்பர் விறைத்து வெடித்துவிடும், தலையையும் தண்டையும் பிணைத்திருக்கிற பசை விட்டுப்போகும், பைக்குள் தங்கியிருக்கிற ஈரம் பூஞ்சையாகிவிடும் என்று அடுக்களையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஒரு பிரசங்கமே செய்தாள். அவர் கேட்கவேயில்லை, இவளாகத்தான் சொன்னாள். கொஞ்ச நாளாக இப்படித்தான் ஆகிவிட்டது. அப்பா எதிரே வந்தால் வாய் தன்னால் எதையாவது விளக்க ஆரம்பித்துவிடுகிறது, பாத்திரம் கழுவும் மெஷின் ஏன் இந்தச் சத்தம் போடுகிறது, குப்பை வண்டி ஏன் இந்த வாரம் நீலப் பெட்டியை மட்டும் எடுக்கிறது, அணில் ஏன் இங்கே கறுப்பாக இருக்கிறது என்று. விளக்க வேண்டிய ஒன்றே ஒன்றைத் தவிர உலகத்தில் உள்ள மற்றதையெல்லாம் விளக்கியாயிற்று. சேவுகப்பெருமாள், காரைக்குடி டிப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறவர், தரையிலிருந்து சூடான காற்று வரும் கம்பித் தட்டியின்மேல் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அதுக்கு நீ ஏந்த்தா சிரமப்படுற? நாந் தொடச்சு வச்சுர்றேன். ஒனக்கு வாரத்துல ரெண்டு நாதான் லீவு" என்றார். "வேணாம்ப்பா, அது ஒங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கியவள் பாதிப் படியில் நின்றாள். தெரியாது. இந்த ஒரு வார்த்தையைத்தானே மூன்று வாரமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறாள். அவருக்குத் தெரியாது, புரிந்திருக்காது, காதில் விழுந்தே இருக்காது.

பேஸ்மென்ட்டில் வீட்டைச் சூடாக்குகிற பெரிய ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பையை அதற்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, ரொம்பச் சூடும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது, குழந்தை பெற்றவளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது இந்தச் சனியனை. வாளியில் வெந்நீர் பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு, துண்டை விரித்து, முதல் மட்டையை உருவினாள். மேலே நாற்காலி நகர்கிற சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம், அப்பாவின் தொண்டைச் செருமல், எல்லாம் கூரையில் ஓடும் தகரக் குழாய் வழியாகப் பக்கத்தில் நடக்கிற மாதிரி கேட்டது. அடுக்களையில் ரகசியம் பேசாதே, கீழே நான் ஒட்டுக்கேட்டுவிடுவேன் என்று அவள் கணவன் ராஜவேல் கேலி செய்வான். அவன் இப்போது அப்பாவின் பெட்டிக்கு ஒரு பூட்டும், ஊருக்குக் கொடுத்துவிட மேப்பிள் பாகும் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறான். மட்டையின் இரும்பு முகத்தில் வரிவரியாகச் சின்னப் பள்ளங்கள் உண்டு, அந்தப் பள்ளங்களில் புல்லும் மண்ணும் காய்ந்திருந்தன, அவற்றோடு மஞ்சளாக வேறொன்றும் காய்ந்திருந்தது. சந்தனம். பிரஷை நனைத்துத் தேய்த்தாள். சந்தனத்துக்குத் தண்ணீர் பட்டால் போதும், மூன்று வாரமானாலும் வாசனை வந்துவிடுகிறது. ஆயுத பூஜை அன்று அப்பா காலையிலேயே குளித்து, பெட்டியில் கொண்டுவந்திருந்த சந்தனத்தைக் கரைத்து, வீட்டில் எதற்கெல்லாம் பொட்டு வைக்கலாம் என்று தேடிக்கொண்டு போனார். காருக்கு வைத்தார், மிக்சிக்கு வைத்தார், ராஜவேலின் லேப்டாப்புக்கு, புல் வெட்டும் மெஷினுக்கு, அடுக்களைக் கத்திக்குக்கூட வைத்தார். கராஜ் மூலையில் இந்தப் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இது வெளையாட்டுச் சாமானா, தொழில் சாமானா?" அவள் சிரித்துக்கொண்டே, தொழில்தாம்ப்பா, எனக்கு இதுல ஒரு ஆசையும் கெடையாது, ஆபீஸில் யார் மேலே போகிறார்கள் யார் கீழே போகிறார்கள் என்பதையெல்லாம் இவர்கள் புல்வெளியில் நடந்துகொண்டேதான் முடிவு செய்கிறார்கள், அதனால்தான் கற்றுக்கொண்டேன் என்றாள். அப்படியென்றால் சரி என்று அவர் தரையில் துண்டை விரித்து, மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொரு தலைக்கும் சந்தனம் வைத்து அதன் நடுவே குங்குமம் வைத்து, பையின் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்து நசுக்கினார். அன்றைக்கு அவளுக்கு அது பிடித்திருந்தது. போட்டோகூட எடுத்தாள். அதை இங்கே யாருக்கும் அனுப்பவில்லை, அது வேறு விஷயம்.

வேறு விஷயம் என்று தள்ளி வைப்பதில் அழகுமீனா கெட்டிக்காரி. ஆனால் கையில் இரண்டாவது மட்டை வந்ததும் தள்ளி வைத்ததெல்லாம் வரிசை கட்டி வந்து நின்றது. பூஜை முடிந்த அந்தச் சனிக்கிழமை ஆபீஸ்காரர்களின் கடைசி ஆட்டம், அதற்குப் பிறகு மைதானத்தை மூடிவிடுவார்கள். ராஜவேலுக்கு அன்று வேலை. அப்பாவை வீட்டில் தனியாக விட மனசில்லை, அவரும் "நீ ஆடுறத ஒருக்கா பாக்கணுந்த்தா" என்று ஆசையாகக் கேட்டுவிட்டார். ராஜவேலின் பழைய நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, காதை மறைத்து மப்ளர் சுற்றிக்கொண்டு, இறங்கியதும் இறங்காததுமாகப் பையின் தள்ளுவண்டியை அவர் பிடித்துக்கொண்டார், பஸ் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும். வேணாம்ப்பா என்று சொன்னாள். சொன்னாள்தான், அதில் பொய்யில்லை. ஆரம்ப இடத்தில் ப்ரையன் நின்றிருந்தான், அவளுக்கு மேலதிகாரி, சிரித்தால் ஊருக்கே கேட்கும். அவளுடைய பெரிய மட்டையைப் பார்த்து, இதென்ன சிவப்பும் மஞ்சளுமாக, பெயிண்டா என்று கேட்டான். ஆமாம், மட்டை மாறிப்போகாமலிருக்க ஒரு அடையாளம் என்று சொன்னாள். எவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய், யோசிக்கவே தேவைப்படவில்லை, நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்த மாதிரி. பிறகு ப்ரையன் அப்பாவைப் பார்த்தான். தள்ளுவண்டியைப் பார்த்தான். அட, பை தூக்கச் சொந்தமாக ஆளே கூட்டி வந்துவிட்டாயா, உன் அந்தஸ்து எங்கேயோ போய்விட்டதே என்றான். கூட நின்ற ஹெதர் சிரித்தாள், இன்னொருவன் சிரித்தான். அழகுமீனாவும் சிரித்தாள். அவள் வாயைத் திறந்தாள், இப்போதும் சத்தியம் செய்வாள், சொல்வதற்காகத்தான் திறந்தாள், ஆனால் அதற்குள் அப்பா "எஸ் சார்" என்றார். ப்ரையன் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பந்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். இந்த விளையாட்டில் ஒருத்தர் பந்துக்கு முன்னால் நின்றுவிட்டால் மற்றவர்கள் பேசக் கூடாது, அசையக் கூடாது, மூச்சு விடுவதுகூட மெதுவாக விட வேண்டும். அவள் பேசவில்லை. பந்து பறந்து போய் எங்கேயோ விழுந்தது, எல்லாரும் ஆகா என்றார்கள், பேச்சு பந்தைத் தொடர்ந்து போய்விட்டது. மரியாதைக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று அன்று முழுக்க அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். விதி அப்படி, அவள் என்ன செய்வாள். அடுத்த குழிக்கு நடக்கும்போது சொல்லியிருக்கலாம், அப்போது யாரும் பந்துக்கு முன்னால் நிற்கவில்லை. அதற்கடுத்த குழியில் சொல்லியிருக்கலாம். திஸ் இஸ் மை ஃபாதர். ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற வாக்கியம், மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள்கூடக் கத்திக் கத்தி மனப்பாடம் செய்கிற வாக்கியம், பெரிய கம்பெனியில் பெரிய பெரிய அறிக்கைகளை வாசிக்கிற அவளுக்கு அன்று வரவில்லை.

தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள். மேலே அப்பா எழுந்து நடந்தார், பிரிட்ஜைத் திறந்தார், மூடினார், மறுபடி அதே நாற்காலி. அந்தத் தட்டியின்மேல் கால் வைத்தால் வீட்டுக்குச் சூடு வராது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்ல மாட்டாள். அவருக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும்? இதைத்தான் மூன்று வாரமாக எடை போட்டுப் பார்க்கிறாள். தெரியாது என்பதற்கு நிறைய இருக்கிறது. டிவியில் ஆங்கிலச் செய்தி ஓடினால் படத்தை மட்டும்தான் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக் கிழவி குட்மார்னிங் சொன்னால் எஸ் என்கிறார், நாய் நல்லாயிருக்கா என்று கேட்டாலும் எஸ், மழை வருமா என்றாலும் எஸ். வாழ்க்கை முழுக்க செக்கிங் இன்ஸ்பெக்டருக்கும் கிளை மேலாளருக்கும் எஸ் சார் சொல்லிப் பழகிய வாய், பேன்ட் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லும், அதற்கு அர்த்தம் கிடையாது, இருமல் மாதிரி. இப்படி யோசிக்கும்போது மனசு கொஞ்சம் லேசாகும். ஆனால் விமான நிலையத்தில் அதிகாரி என்னவோ கேட்டதற்கு, டாட்டர் ஹவுஸ், த்ரீ மன்த்ஸ் என்று தானாகவே பதில் சொல்லிவிட்டு வந்தவரும் அவர்தானே. மருந்துக் கடையில் மாத்திரை டப்பாவைத் திருப்பிப் படித்து, இது சாப்பாட்டுக்கு அப்பறமுல்ல, நீ முன்னாடி குடுக்குற என்று இவளைத் திருத்தியவரும் அவர்தானே. அப்புறம் அந்த மதியச் சாப்பாடு. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் கிளப் கட்டடத்துக்குள் சாப்பிடப் போனார்கள், அப்பா வாசலிலேயே நின்று, "நா கார்ல இருக்கேந்த்தா, நீ போய்ச் சாப்புட்டு வா" என்றார். அவள் கெஞ்சவில்லை. உள்ளே மாட்டுக்கறி, கத்தி, முள்கரண்டி, அப்பாவுக்குத் தர்மசங்கடமாக இருக்கும் என்று தோன்றியது. அவருக்குத் தர்மசங்கடமாக இருக்கும் என்றுதான் தோன்றியது என்று இன்னொரு முறை மனசுக்குள் அழுத்திச் சொன்னாள். ஆனால் புரியாதவர் ஏன் வாசலிலேயே நிற்க வேண்டும்? எல்லாரும் போகிற இடத்துக்கு மகளோடு சாதாரணமாக நுழைகிறவர்தானே அவர், கோயிலானாலும் ஜவுளிக்கடையானாலும். வேலைக்கு வந்த ஆள்தான் வாசலில் நிற்பான். இல்லை இல்லை, குளிருக்கு மூத்திரம் முட்டியிருக்கும், கால் வலித்திருக்கும், வயசாகிவிட்டது. அவள் உள்ளே வெந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டாள். ப்ரையன் அடுத்த வருடம் புதிய பிரிவு ஒன்று வரப்போகிறது, உன்னைத்தான் நினைத்திருக்கிறேன் என்று சொன்னதும் அந்த மேசையில்தான். அந்தச் செய்தியை அப்பாவிடம் காரில் வரும்போது சொன்னாள். "பாத்தியா, சந்தனம் வச்சது வீண்போகல" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக. அப்போது அழுதிருக்க வேண்டும். சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது, வண்டியை எடுத்துவிட்டாள்.

அப்பாவாக இருந்தால் அப்படிச் செய்திருப்பாரா. இந்தக் கேள்வியை அவள் கேட்கக் கூடாது, கேட்டால் பதில் உடனே வரும், அதுவும் டிப்போ வாசலிலிருந்து ஹார்ன் அடித்துக்கொண்டு வரும். காரைக்குடி டிப்போவில் ஆயுத பூஜை என்றால் பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, காகிதத் தோரணம் சுற்றி, அவல் பொரி வாளிவாளியாக நிற்கும். அப்பா அவளைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எம் மக, எம் மக என்பார். மேலாளர் வந்தால் மற்ற டிரைவர்கள் ஒதுங்கி நிற்பார்கள், அப்பா மட்டும் நேராகப் போய், "சார், இது எம் மக, கணக்குல நூத்துக்கு நூறு" என்று சொல்லிவிட்டு வருவார். அவள் கல்லூரிக்குப் போன காலத்தில் அந்த வழித்தட பஸ் அவருடையது. பஸ்ஸில் ஏறுகிற மீன்காரி, பத்திர ஆபீஸ் குமாஸ்தா, நர்ஸம்மா எல்லாருக்கும் அவளுடைய மார்க் தெரியும், ஜுரம் வந்தால் தெரியும், கேம்பஸில் வேலை கிடைத்த அன்று அந்த ட்ரிப்பில் ஏறின எல்லார் கையிலும் ஒரு மிட்டாய். அவளோ பின்படி வழியாகத்தான் ஏறுவாள். தோழிகள் பின்னால் நிற்பார்கள், அதனால். காற்றும் பின்னால்தான் நன்றாக வரும். கண்ணாடியில் அப்பாவின் கண் தன்னைத் தேடுவது தெரியும், தேடிக் கண்டுபிடித்ததும் பஸ் ஒரு சின்ன ஹார்னோடு கிளம்பும். அந்த ஹார்ன் சத்தம் கேட்டதும் அவள் குனிந்து பைக்குள் எதையோ தேடுவாள். அடடா, இதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். மட்டையைத் துடை. ஈரம் கொஞ்சங்கூட இருக்கக் கூடாது, உலர்ந்த துணியால் தண்டை மேலிருந்து கீழே உருவித் துடைக்க வேண்டும்.

பெரிய மட்டைதான் கடைசியாக இருந்தது. இதற்கு டிரைவர் என்று பெயர் என்று பூஜை அன்று அவள் சொன்னதும் அப்பா, "அப்ப இது நம்மாளு" என்று மற்றதைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்தார். ப்ரையன் பார்த்தது இதைத்தான். தேய்த்தாள். குங்குமம் கரைந்து விரலிடுக்கில் ஓடியது. தேய்க்கத் தேய்க்க ஒன்று தெரிந்துகொண்டே வந்தது, தெரியக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரமாக ப்ரையனிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். ப்ரையன் கேட்டது திடீரென்று, அவள் சிரித்தது திடீரென்று, வாய் தவறிவிட்டது, விதி குறுக்கே வந்துவிட்டது, இதெல்லாம் சரி. ஆனால் அன்று காலை, மைதானத்து வாசலுக்குள் கார் திரும்புவதற்கு முன்பு, அவள் காகிதக் கைக்குட்டை ஒன்றை உருவி அப்பாவிடம் கொடுத்தாளே. "இங்க காத்து ஜாஸ்திப்பா, திருநீறு பறந்து கண்ணுல விழுந்துரும், தொடச்சுக்குங்க" என்றாளே. அறுபத்தெட்டு வயசுக்காரர், காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கடல் காற்றில் பஸ் ஓட்டியவர், நெற்றித் திருநீறு பறந்து கண்ணில் விழும் என்பதை நம்புவாரா? அவர் கார்க் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, ஓரம் விடாமல் துடைத்துக்கொண்டு, அந்தக் கைக்குட்டையைக் கீழே போடாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அங்கேயே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஆங்கிலம் எதற்கு, அதைத் தமிழில்தானே சொன்னாள். அழகுமீனாவுக்குக் காது மடல் கொதித்தது. வெட்கம் என்பது முகத்தில் வருவது என்றுதான் நினைத்திருந்தாள், அது வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. தப்பித்தவறி நடந்ததில்லை அது, வீட்டிலிருந்தே கட்டி எடுத்துக்கொண்டு போனது.

பையைக் கவிழ்த்தாள். குளிர்காலத்துக்கு வைக்கும்போது அதன் எல்லா உள்ளறையையும் காலி செய்ய வேண்டும், போன வருடம் ஒரு வாழைப்பழத்தை மறந்து விட்டுவிட்டு வசந்தத்தில் பையையே வெயிலில் போட வேண்டி வந்தது. பந்துகள் உருண்டன, கையுறை விழுந்தது, காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழத் தோல் ஒன்று விழுந்தது. பையின் பக்கவாட்டு அறை ஜிப்பைத் திறந்தால் பொலபொலவென்று மரக்குச்சிகள் கொட்டின. பந்தை நிறுத்தி அடிக்கிற சின்ன ஆணிகள், ஆனால் எல்லாம் ஒடிந்தவை, பாதி, கால்வாசி, வெறும் தலை. ஆடுகிறவர்கள் ஒடிந்ததும் அங்கேயே போட்டுவிட்டுப் போகிற குப்பை. அன்று முழுக்க அப்பா குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டு வந்தது இப்போதுதான் விளங்கியது. மகளுடைய சாமான் தொலைந்துபோகக் கூடாது என்று ப்ரையன் ஒடித்தது, ஹெதர் ஒடித்தது, எவனெவனோ ஒடித்தது எல்லாவற்றையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அதோடு மண் அப்பிய ஒரு துணியும் இருந்தது. அதையும் பார்த்திருந்தாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். பாதி ஆட்டத்தில் ப்ரையன் சேறு பட்ட தன் மட்டையை அப்பாவிடம் நீட்டினான், அவர் தன் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். இது அந்தத் துண்டுதான். அதன் ஓரத்தில் ஊர்க் கடையின் பெயர் அச்சடித்திருந்தது. அவள் அந்தக் குச்சிகளை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தாள். இப்போதே மேலே போய்ச் சொல்லிவிட வேண்டும். அப்பா, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. சொன்னால் அவர் என்ன செய்வார், எதுத்தா, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே என்பார். அவருக்குப் புரிந்திருக்காவிட்டால் இவளே சொல்லிப் புரியவைத்த மாதிரி ஆகிவிடும். அது இன்னும் பெரிய பாவமில்லையா. நாளை மறுநாள் விமானத்தில் ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாகப் போகிறவரை எதற்குக் கலைக்க வேண்டும்? பார், இதற்கும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. அவளுக்கு நியாயம் கிடைக்காத இடமே கிடையாது.

அப்போதுதான் தகரக் குழாயில் அம்மாவின் குரல் கேட்டது. ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்து, அம்மா முழங்கால் ஆபரேஷன் ஆன காலை நீட்டிக்கொண்டு வீடியோவில் கூப்பிடுகிற நேரம். அப்பா போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார்.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சா? எப்பப் பாத்தாலும் அந்த நாக்காலியிலயே ஒக்காந்திருக்கீக, வெளிய தெருவப் போய்ப் பாத்தீகளா இல்லையா?"

"பாக்காம என்ன? போன மாசம் மீனா என்னய அது ஆடுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. அதச் சொல்லலயே ஒங்கிட்ட. கண்ணுக்கெட்டுன மட்டும் புல்லு. பூராம் பெரிய பெரிய ஆபீசருக. நா ஒரு ஓரமா நிக்கிறேன், நம்ம புள்ள விடல. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி நடுவுல நிப்பாட்டி, இவுகதான் எங்கப்பான்னு சொல்லுது எல்லாத்துட்டயும். அவுக மேலதிகாரி இருக்காரே, ஆறடி ஆளு, தொப்பியக் கழட்டிட்டு வந்து கை குடுத்தாரு."

கீழே அழகுமீனா குச்சிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு முனை உள்ளங்கையில் குத்தியது.

"சும்மா பீத்தாதீக" என்றாள் அம்மா. "அவளா சொன்னா? காலேசுக்குப் போறப்ப பொம்பளப் புள்ளைகளெல்லாம் முன்படியில ஏறும், இவ மட்டும் ஒங்களுக்கு மொகங் குடுக்கக் கூடாதுன்னு ஆம்பளைகளோட இடிச்சுக்கிட்டுப் பின்படியில ஏறுவா. எனக்குத் தெரியாதாக்கும். நீங்கதான் வந்து ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடந்தீக."

"அது அப்ப. சின்னப் புள்ள. இப்ப அப்படியில்லங்கிறேன்ல."

"நா நம்ப மாட்டேன்."

"நம்பலையா? அப்ப அதுட்டயே கேளு." நாற்காலி நகர்ந்தது. குரல் இந்த முறை குழாய் வழியாக வரவில்லை, படி வழியாக வந்தது. "மீனா! ஏத்தா மீனா! செத்த மேல வா. ஒங்கம்மா நம்ப மாட்டேங்கிறா."

எழுந்தாள். படி ஏறினாள். கை ஈரமும் மஞ்சளுமாக இருந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அப்பா போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார், நீட்டிய கையைத் தவிர அவரில் வேறெதுவும் அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அவர் பார்வை சன்னலுக்கு வெளியே இருந்தது. வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து இறங்கிவிட்டிருந்தது.

"என்னடி, ஒங்கப்பா சொல்றது நெசமா?" என்றாள் அம்மா திரைக்குள்ளிருந்து. "அந்தத் தொரைகிட்ட என்னன்னு சொன்ன?"

"எங்கப்பான்னு சொன்னேம்மா."

"தமிழ்லயா சொன்ன?"

"இல்ல, இங்கிலீஷ்ல."

"எங்க, எப்படிச் சொன்னேன்னு சொல்லிக் காட்டு, கேப்போம்."

அப்பா திரும்பவில்லை. அழகுமீனா வாயைத் திறந்தாள். இங்கே யாரும் பந்துக்கு முன்னால் நிற்கவில்லை, பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

"திஸ் இஸ் மை ஃபாதர்" என்றாள்.

குரல் பாதியில் உடைந்து, கடைசி வார்த்தை சத்தமில்லாமல் வந்தது. கேக்கல, சத்தமாச் சொல்லு என்றாள் அம்மா. இன்னொரு முறை சொன்னாள்.

அப்பா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சூடு வரும் தட்டியிலிருந்து நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கி, அவள் ஈரக் கையைப் பார்த்து, இங்கே வந்து நில் என்று கண்ணால் காட்டினார்.

"கேட்டியா?" என்றார் அம்மாவிடம். "இதே மாதிரிதான் சொன்னுச்சு அன்னைக்கும்."